ராத்தா சொன்ன படம்

ஒவ்வொரு நாள் காலையிலும் மெவ்ரவ் ஹென்றிகா என்னோடு புதிதாக அறிமுகமாகிறார். மெவ்ரவ் என்றால் டச்சு மொழியில் திருமதி. வயது எண்பத்தாறு. அவருடைய குளிர்கோட்டை வாங்கி நான் கொளுவியில் மாட்டும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் பெயரைச் சொல்லி, "நீ புதிதா?" என்று கேட்பார். ஆறு வருடமாக இங்கேதான் வேலை செய்கிறேன் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். முகம் கலங்கிவிடும். அதனால் இப்போது, ஓம், புதிதுதான் என்று சொல்லிவிடுகிறேன். "எந்த நாடு?" என்பார். ஸ்ரீலங்கா என்பேன். "ஆ, ஸூரினாம! என் மைத்துனன் கப்பலில் அங்கே போயிருக்கிறான்" என்று சந்தோஷப்படுவார். ஸூரினாம் தென்னமெரிக்காவில் இருக்கிறது, ஹாலந்துக்காரர் ஒரு காலத்தில் ஆண்ட நாடு. எங்களையும்தான் ஆண்டார்கள். அது இங்கே யாருக்கும் ஞாபகமில்லை. நான் வந்த புதிதில் ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தபோது 'கந்தோர்' என்று வந்தது. எங்கள் வாப்பா கடுதாசிக் கட்டோடு அலைந்த அதே கந்தோர், அலுவலகம். இந்த நாட்டில் எனக்கு யாரும் கற்றுத்தராமல் விளங்கிய முதல் சொல் அதுதான்.

நான் வேலை செய்யும் இடத்துக்கு டாக்பெஸ்டேடிங் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பகலைச் செலவழித்தல். மறதி நோய் வந்த வயதானவர்கள் காலையில் வந்து, கோப்பி குடித்து, படம் கீறி, பாட்டுப் பாடி, மூன்று மணிக்கு வீட்டுக்குப் போவார்கள். ஹாலந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த நகரம் முன்னொரு காலத்தில் துணி ஆலைகளால் நிறைந்திருந்ததாம். இப்போது ஆலைகள் இல்லை. அவற்றில் வேலை செய்தவர்களில் சிலர்தான் எங்கள் மண்டபத்தில் கம்பளிப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் பொறுப்பாளர் மார்லூஸ் ஒரு யோசனை சொன்னாள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம் காட்டுவது. வேலை செய்பவர்களில் ஒவ்வொருவராகத் தான் வளர்ந்த காலத்துப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போட வேண்டும். துருக்கிக்காரி ஒருத்தி முதல் மாதம் காட்டினாள். இரண்டாவது மாதம் என்னிடம் வந்து, "உன் படம் எது?" என்றாள் மார்லூஸ்.

யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன். இங்கே அந்தப் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அந்தப் படம் கட்டாயம் தெரிந்திருக்கும். அவர்கள் சைக்கிளில் டபுள் போய்க் கல்முனைத் தியேட்டரில் பார்த்திருப்பார்கள். "நீ எத்தனை தரம் பார்த்தாய்?" என்று மார்லூஸ் கேட்டாள். "நிறையத் தரம்" என்றேன். அது பொய்யா இல்லையா என்பதுதான் எனக்கு இன்றுவரை தீர்க்க முடியாமல் இருக்கிறது. அந்தப் படத்தை நான் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. என் ராத்தா சொல்லக் கேட்டேன். ஆனால் ஒரு சாரியின் நிறத்தை, ஒரு கதவின் கைபிடியை, மழையில் ஒரு பெண்ணின் முன்நெற்றி மயிர் ஒட்டிக் கிடந்ததை ஞாபகம் வைத்திருப்பவளுக்கு, பார்த்தேன் என்பதை விட்டால் வேறு என்ன சொல் இருக்கிறது? அதுவும் டச்சில்?

எண்பதுகளின் கடைசி. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தான். ஹிதாயா ராத்தா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வாப்பா கோபக்காரர் அல்ல, ஆனால் குமருப் பிள்ளைகள் தியேட்டருக்குப் போவது என்ற பேச்சே எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் எழாது. டெலிவிஷன் இருந்த வீடுகளும் ஒன்றிரண்டுதான். ராத்தா பத்தாம் வகுப்போடு நின்ற பிறகு, கிழமையில் இரண்டு நாள் கல்முனைக்குத் தையல் படிக்கப் போனாள். ஞானம் டீச்சர் என்று ஒரு மெதடிஸ்த கிறிஸ்தவத் தமிழ் அம்மா தன் வீட்டு விறாந்தையில் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். காலையில் பஸ்ஸில் போய்ப் பகலைக்கு வந்துவிடுவாள். சாப்பிட்டு, மத்தியான லுஹர் தொழுது, மெசினுக்கு முன்னால் உட்காருவாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து பாயில் குந்துவார்கள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்ததாகப் பேர்.

"இண்டைக்கு டீச்சர்ட வீட்டில டெக்கில ஒரு படம் பாத்தன்" என்று ராத்தா தொடங்குவாள். டெக் என்றால் டெலிவிஷனில் வீடியோப் படம் போடும் பெட்டி. பிறகு மெசினை மிதித்தபடியே சொல்வாள். கதை சொல்வது போல் இருக்காது. "அவ வாறா. பச்சச் சாரி, தங்கக்கரை. கண்ணுக்கு மை வச்சிரிக்கா, ஆனா ஒரு கண்ணில அழிஞ்சிரிக்கி" என்று கண்முன்னால் நடப்பதாகவே சொல்வாள். பயங்கரமான இடம் வந்தால் மெசினை நிறுத்திவிடுவாள். வீடு முழுக்க அமைதியாகிவிடும். அழுகிற இடத்தில் தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே துடைத்துவிட்டு உம்மாவிடம் ஏச்சு வாங்குவாள். முடிந்ததும் ஒரே ஒரு கட்டளை: "வாப்பாக்கிட்டச் செல்லப்படாது. செல்லினா அடுத்த படம் இல்ல." ஒருத்தியும் சொன்னதில்லை. என் வயதுப் பெண்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் படம் பார்த்தோம். இப்போது எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஆண்கள் பழைய படப் பாட்டுகளைப் போட்டுப் போட்டு உருகுகிறார்கள். எந்தத் தியேட்டரில், எந்த வகுப்பில், யாரோடு பார்த்தோம் என்று எழுதுகிறார்கள். பெண்கள் ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டு விலகிவிடுகிறோம். எங்களுக்குத் தியேட்டர் ராத்தாவின் மெசின்தான் என்று எப்படி எழுதுவது?

அந்த வியாழக்கிழமை பதினான்கு பேர் வந்திருந்தார்கள். மார்லூஸ் இணையத்தில் தேடி, ஆங்கில எழுத்துகள் கீழே ஓடும் ஒரு பிரதியைக் கண்டுபிடித்திருந்தாள். நான் அதை முன்னதாகப் பார்க்கவில்லை. எல்லோருடனும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. முன்னால் நின்று என் டச்சில் கதையைச் சொன்னேன். "ஃபெர்டெல் எஸ்," சொல்லு சொல்லு என்றார் மெவ்ரவ் ஹென்றிகா. ஏழைப் பெண் ஒருத்தி, அவள் விரும்பியவன் தூர தேசத்துக்குப் போகிறான், கடைசியில் ரயில் நிலையத்தில் மழை கொட்டுகிறது, பச்சைச் சேலையோடு அவள் ஓடி வருகிறாள், ரயில் நகரத் தொடங்கிவிட்டது, அவன் கையை நீட்டுகிறான், அவள் ஏறிவிடுகிறாள், முந்தானை கதவுக்கு வெளியே பறக்கிறது. இரண்டு பேர் கைதட்டினார்கள். மார்லூஸ் விளக்கை அணைத்தாள்.

படம் கறுப்பு வெள்ளை.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, பிரதி பழுதாக இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு கதாநாயகி வந்தாள். நான் அறிந்த மெலிந்த, நீண்ட கழுத்துக்காரி அல்ல. வட்ட முகமும் அகலத் தோளும் உள்ள ஒருத்தி, துணி ஆலையில் வேலை செய்கிறாள். ராத்தாவின் படத்தில் ஆலையே கிடையாது. ஆனாலும் படம் இதுதான், பெயர் இதுதான். கடைசிக் கட்டம் வந்தபோது ரயில் நிலையத்தையும் காணவில்லை, மழையையும் காணவில்லை. வெயில் கொளுத்தும் ஆலை வாசலில் இருவரும் நிற்கிறார்கள். உள்ளே தறிகள் சடசடவென்று ஓடுகின்றன. திடீரென்று கூவென்று ஒரு நீண்ட ஊதல், தறிகள் நிற்கின்றன.

அந்த ஊதலுக்கு மண்டபத்தில் ஒருவர் எழுந்து நின்றார். மெனேர், அதாவது திருவாளர், கெரிட். படம் முழுக்கக் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தவர். முப்பது வருடம் நெசவாலையில் வேலை செய்தவர். எழுந்து, கதிரைக்குக் கீழே எதையோ தேடினார். நான் ஓடிப் போய், "என்ன வேண்டும்?" என்றேன். "என் சாப்பாட்டுப் பெட்டி. ஆலை ஊதிவிட்டது, நேரமாகிறது" என்றார். இன்று லீவு நாள் என்று சொல்லி உட்காரவைத்தேன். திரும்பியபோது படம் முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"ரயில் எங்கே?" என்று கேட்டார் மெவ்ரவ் ஹென்றிகா. காலையில் கண்ட என்னை மத்தியானம் மறந்துவிடுபவர், அன்று ரயிலை மறக்கவில்லை. "பச்சைச் சேலை என்றாயே? மழை என்றாயே?"

அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, என் கையை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். "லீஃப," அன்பே, என்றார். "உனக்கும் மறக்கத் தொடங்கிவிட்டதா? பயப்படாதே. முதலில் ஊர்ப் பெயர்கள்தான் போகும். பிறகு ஒன்றும் வலிக்காது."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எங்கள் தெருவில் இருந்த வீடுகளை வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பதினொன்றாவது வீட்டில் தடுக்கியது.

அக்கரைப்பற்றுக்காரரான என் கணவரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் படத்த நான் தியேட்டரில பாத்திரிக்கன். மில்லுதான். ரயில் எங்க வந்திச்சு? ஒங்கட ராத்தா வேறொரு படத்தப் பாத்திட்டு இதுண்டு செல்லியிரிப்பா." அது நியாயமாகப்பட்டது. இரண்டு மூன்று நாள், ரயிலில் முடியும் பழைய படங்களாகத் தேடினேன். ரயில்கள் நிறைய இருந்தன. ராத்தாவின் ரயில் மட்டும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு அதே படத்தை மறுபடி ஓடவிட்டிருந்தேன். தொலைபேசி எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது. கண் எரிந்ததால் மூடிக்கொண்டேன். அப்போதுதான் அது வந்தது. நான் அறிந்த படம். ஒவ்வொரு வசனமும், அந்த நிறுத்தம், அந்த இருமல், "நில்லுங்க, ஒரு சொல்லு மிச்சமிருக்கு" என்று அவள் கூப்பிடும் அந்தக் குரல், எல்லாம் ராத்தா சொன்னபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. மழை கொட்டியது. ரயில் கூவியது. திரும்பிப் பார்த்தேன். வெயில், ஆலை வாசல், வட்ட முகக்காரி. மறுபடி கண்ணை மூடினேன். ரயில் நிலையம். கத்தியைக் கையில் பிடித்தபடி எத்தனை தரம் அப்படித் திறந்து திறந்து மூடினேனோ தெரியாது. படம் ஒன்றுதான். கண்ணைத் திறந்தால் வேறாகிவிடுகிறது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அன்று உறுதியாகவே நம்பினேன்.

ராத்தாவிடமே கேட்பது என்று முடிவெடுக்க ஒரு கிழமை ஆனது. காரணம் இருக்கிறது. ஹிதாயா ராத்தா இன்று ஊரில் மதிக்கப்படுகிற ஒருவர். பெண்கள் மத்ரஸா ஒன்றில் இருபது வருடமாக ஓதிக்கொடுக்கிறாள். நபிமார்களின் வரலாற்றை அவள் சொல்லும்போது பிள்ளைகள் அழுவார்களாம். படம், பாட்டு எல்லாவற்றையும் எப்போதோ விட்டுவிட்டாள். கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டாலே எழும்பி வந்துவிடுவாள். நான் விடுமுறையில் போகும்போது அந்தக் காலத்தைப் பற்றி வாய் திறந்தாலே வேறு கதைக்குத் தாவிவிடுவாள். ஆனாலும் கேட்டேன்.

"ராத்தா, அந்தப் படத்தில கடைசில ரயில் வந்ததுதானே?"

"எந்தப் படம்?"

பெயரைச் சொன்னேன்.

"நீ என்னத்தக் கதைக்காய் புள்ள? நான் எந்தப் படத்தக் கண்டன்?"

"டீச்சர்ட வீட்டில டெக்கில பாத்தண்டு நீங்கதானே செல்லுவீங்க. மெசினுக்கு முன்னால இருந்து."

"அல்லாஹ் மேல ஆணையாச் செல்லுறன், என்ட கண்ணால நான் ஒரு படமும் பாக்கல்ல. ஒனக்கு அங்க வேல வெட்டி இல்லையா? இதக் கேக்கவா போன் எடுத்தாய்?"

வைத்துவிட்டாள். நான் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ராத்தா விளையாட்டுக்கும் அல்லாஹ்வின் பெயரில் பொய் சத்தியம் செய்யமாட்டாள். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறொன்றும் தெரியாது. அப்படியானால் பாய், மெசின், சுற்றிக் குந்தியிருந்த பிள்ளைகள், பச்சைச் சாரி எல்லாம் யாருடையது? ஊரைவிட்டு வந்து இருபத்தெட்டு வருடம். இந்தக் காலத்துக்குள் ஒரு சின்னப் பிள்ளைக் காலத்தையே நான் எனக்காகத் தைத்துக்கொண்டேனா? வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு ஞாபகம் பிழைத்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். தெருவே சாட்சி சொல்லும். எங்களுக்கு யார் சொல்வார்கள்?

மெர்சி அக்கா சொன்னார். ஞானம் டீச்சரின் மகள். என் பள்ளித் தோழி ஒருத்தி அவரிடம்தான் துணி தைக்கிறாள் என்று தெரிந்து, இலக்கம் வாங்கினேன். கல்முனையில் இப்போதும் தையல்கடை வைத்திருக்கிறார். தமிழர் முஸ்லிம் பிரச்சினைக் காலம் வந்தபோது எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதும் அவர்கள் இந்தப் பக்கம் வருவதும் நின்றுபோனது. ராத்தாவின் தையல் படிப்பும் அத்தோடு முடிந்தது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு நான் யாரென்று சொன்னதும், "ஐயோ, ஹிதாயாட தங்கச்சியா? ஹிதாயா எப்பிடி இருக்கா?" என்று கூவிவிட்டார். பின்னால் மெசின் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, உங்கட வீட்டில டெக்கில படம் பாத்தது ஞாபகம் இருக்கா?"

"டெக்கா? எங்கட வீட்டில டிவியே இல்ல தங்கச்சி. அம்மாக்கிட்ட ஒரு கெசட் ரெக்கோடர்தான் இருந்தது. படத்திட கதை வசனத்த முழுசா கெசட்டில பதிஞ்சு அப்ப கடையில குடுப்பாங்க, ஞாபகம் இல்லையா? அதப் போட்டுவிட்டுத்தான் அம்மா எங்களத் தைக்க விடுவா. கண்ணும் கையும் துணியில இருக்கோணும், காது சும்மாதானே இருக்கு எண்டு சொல்லுவா."

"ராத்தா...?"

"ஹிதாயா மட்டும் கண்ண மூடிக்கொண்டு இருப்பா. ஊசி கையில குத்திப் போடும், அப்பவும் திறக்க மாட்டா. அம்மா ஏசுவா. ஒரு நாள் நான் கேட்டன், என்னடி தூங்கிறியா எண்டு. படம் பாக்கிறன் எண்டா."

மெர்சி அக்கா சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அந்தக் கெசட்டுகள் இப்போது இருக்கின்றனவா என்று கேட்டேன். "கடல் வந்த அண்டு வீட்டோட எல்லாம் போச்சு" என்று சுனாமியை மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

ராத்தா பொய் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா, எனக்குத் தெரியவில்லை. தறிச் சத்தம் மழையாகியிருக்கிறது. ஆலை ஊதியது ரயிலாகியிருக்கிறது. எங்கள் பக்கம் ரயில் பாதையே கிடையாது. அந்த வயதில் அவள் ரயிலைக் கண்டதும் இல்லை. சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் படம் என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்திருக்கிறாள். நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது அவள் எடுத்த படத்தை. இது விளங்கிய பிறகு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை படங்களை எடுத்த ஒருத்தி, தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். அது உண்மையாகவும் இருக்கிறது.

ஒரு குரல் பதிவை அனுப்பினேன். "ராத்தா, மெர்சி அக்காவோட கதைச்சன். ஒங்களக் கேட்டா. நீங்க செல்லினது சரி, நீங்க ஒரு படமும் பாக்கல்ல. எனக்குத்தான் விளங்கல்ல. மன்னிச்சுக்கோங்க." கேட்டுவிட்டாள் என்று அடையாளம் காட்டியது. பதில் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமையும் போனது. பெருநாளைக்குக்கூடச் சண்டை பிடிக்காத சகோதரிகள் நாங்கள். இந்த வயதில் ஒரு படத்துக்காக அவளை இழந்துவிடுவேனோ என்று இருந்தது.

ஒன்பதாவது நாள், எனக்கு வேலை இல்லாத ஒரு முற்பகலில், அவளே எடுத்தாள்.

"மெர்சி தனியாவா இரிக்கா?" என்றுதான் தொடங்கினாள். பேரப்பிள்ளைகள் உண்டு என்றேன். டீச்சர் எப்போது மௌத்தானார் என்று கேட்டாள். சொன்னேன். என் பிள்ளைகளைக் கேட்டாள், குளிரைக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"இஞ்ச, ஒண்டு கேக்கன். கடைசில ஒரு இடம் வரும். அவன் போறன் எண்டுவான். பொறகு ஒரு சத்தமும் இல்ல. நாடா சும்மா சுத்திக்கிட்டே இரிக்கும். டீச்சர், கெசட் பழுதாப் போச்சுண்டு ரெண்டு தரம் தட்டிப் பாத்தா. நெடுநேரத்துக்குப் பொறகு ஒரு கதவு சாத்திற சத்தம். அதோட முடிஞ்ச. அதுக்குள்ள என்ன நடந்த?"

"நீங்களே பாக்கலாமே ராத்தா. போனில இரிக்கி. நான் அனுப்பட்டா?"

"நான் பாக்க மாட்டன். நீதான் பாத்திட்டாயே. செல்லு."

சொன்னேன். அவளைப் போல எனக்குச் சொல்ல வராது. அவன் போகிறான். அவள் ஆலை வாசலில் நிற்கிறாள். அழவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் போன திசையைப் பார்க்கிறாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, மயிரை அள்ளி முடிந்து, மற்றப் பெண்களோடு வரிசையில் சேர்ந்து உள்ளே போகிறாள். காவல்காரன் வாசல் கதவைச் சாத்துகிறான். அவ்வளவுதான்.

"உள்ளுக்கா போறா?"

"ஓம், உள்ளுக்குத்தான்."

"ரயில்ல ஏறல்லையா?"

"ரயில் இல்ல ராத்தா. அது மில்லு."

"மத்தப் புள்ளைகளுக்கு நான் அப்பிடித்தான் செல்லின. ரயில் போயிட்டு, அவ நிண்ட இடத்தில நிண்டாண்டு. நீ சோறு தின்னாம அழுதாய். உம்மா என்னண்டு கேக்கத் தொடங்கிட்டா. அடுத்த நாள் ஒனக்கு மட்டும் இன்னொரு விதமாச் செல்லி, அவள ரயில்ல ஏத்தி உட்டன்."

எனக்கு மட்டும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் எல்லாப் பிள்ளைகளும் ஏறியதாகவே நினைத்திருந்தேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னொருக்காச் செல்லு. மொதல்ல இருந்து. அவ எப்பிடி இரிப்பா?"

நான் மறுபடி தொடங்கினேன். வட்ட முகம் என்றேன். அகலத் தோள் என்றேன். "நீளக் கழுத்தில்லையா?" என்றாள். அப்போது அந்தப் பக்கத்தில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. "பொறு, பாங்கு சொல்லுது" என்றாள். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. முதலில் ஒரு பள்ளிவாசல், அது முடியும் முன்னர் அடுத்தது, பிறகு கடற்கரைப் பக்கம் இருந்து இன்னொன்று, ஒன்றன்மேல் ஒன்றாகக் காதுக்குள் வந்தது. நடுவில் காகம் ஒன்று கத்தியது. ரொட்டி விற்கும் ஓட்டோவின் சங்கீதம் கிட்ட வந்து தூரப் போனது. எனக்கு இங்கே லுஹருக்கே நேரம் ஆகியிருக்கவில்லை. பாங்கு முடியும் வரை நானும் பேசாமல் யன்னல் பக்கம் நின்றேன். இரட்டைக் கண்ணாடி போட்ட யன்னல், வெளியில் இருந்து ஒரு சத்தமும் உள்ளே வராது. கீழே ஒரு தாய் பிள்ளையைச் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு போனாள். பிள்ளை வாயைத் திறந்து எதையோ பாடியது. எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டு கையை உயர்த்தி, உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. காதில் சாய்ந்தமருதை வைத்துக்கொண்டு அவருக்கு நானும் கையை உயர்த்தினேன்.